ஒன்று அப்பா, இரண்டு மா

ஜூன் 6, திங்கள்

இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது. எனக்குத் தெரியாமல் நடக்கிறது. அதனால் இன்றிலிருந்து எழுதி வைக்கப் போகிறேன். மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மேலே சர்க்கரை மாத்திரை விளம்பரம். இருக்கட்டும்.

நான் செலஸ்தின். நாலாவது வரைக்கும் படித்தவள், அதுவும் வியட்நாமில், சைகோனில், பிரெஞ்சில். தமிழ் எழுத்தெல்லாம் புதுச்சேரிக்கு வந்த பிறகு சினிமா போஸ்டரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆகவே குற்றவாளிகள் யாராவது இதைத் திருட்டுத்தனமாகப் படித்தால் பிழை கண்டுபிடிக்க வேண்டாம். வெட்கப்பட்டால் போதும்.

குற்றவாளிகள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா, சைகோன்காரி, வயது எண்பத்திரண்டு. காலமான அப்பாதான் புதுச்சேரிக்காரர். மா என்றுதான் கூப்பிடுவோம். சைகோன் பாஷையிலும் மா என்றால் அம்மாதான், அந்த மட்டில் வசதி. இன்னொருவர் என் வீட்டுக்காரர் ஞானாதிக்கம். மில் மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன்.

குற்றம் என்னவென்றால், மதியம் சாப்பிட்டதும் மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே சைகோன் பாஷையில் பேச்சு. பிரான்சில் இருக்கும் என் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் அனுப்பினான், முகம் தெரிகிற போன். அவனோடு பேசினால் கதவைச் சாத்த வேண்டியதில்லை. அவனோடு பேசும்போது மா போடுகிற சத்தம் போன் இல்லாமலே பிரான்சுக்குக் கேட்கும். இது குசுகுசு.

இன்று காபியோடு உள்ளே போனேன். போன் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

"யாரும்மா போன்ல?"

"யாரும் இல்ல. பாட்டு."

"பாட்டு உன்கிட்ட கேள்வி கேக்குது, நீ பதில் சொல்றே."

"காபி வச்சிட்டுப் போ."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "எங்கம்மாவுக்கு ஆள் செட் ஆயிருக்கு போல, நகை நட்டு எடுத்து வைங்க" என்றேன். வழக்கமாக இதற்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரிப்பார். இன்று ஷூவுக்கு பாலிஷ் போட ஆரம்பித்தார். அவர் வாழ்நாளில் ஷூவுக்கு பாலிஷ் போட்டதில்லை. இரண்டாவது குற்றவாளி அகப்பட்டார்.

ஜூன் 8, புதன்

கல்யாண ஆர்டர். நாள் முழுக்க நெம் சுற்றினோம். அப்பளம் போல ஒரு அரிசித் தாள், அதை ஈரத்தில் நனைத்து, கொத்துக்கறியும் நண்டும் சேமியாவும் காளானும் வைத்து விரல் தடிமனில் சுருட்டிப் பொரிப்பது. புதுச்சேரியில் எங்கள் மாதிரி சைகோன்காரக் குடும்பங்கள் கொண்டுவந்தது. இப்போது ஊர்க்காரர்கள் கல்யாணத்தில் அது இல்லாவிட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். நான் சுருட்டினால் ஒன்று கட்டைவிரல், ஒன்று சுண்டுவிரல். மா சுருட்டினால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை மாதிரி இருக்கும்.

பொரிக்கிற வாசனைக்கு எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் மா மீன் சாறு பாட்டிலைத் திறந்ததும், அக்காவின் மாமியார் எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலையெல்லாம் புரட்டினாளாம். இப்போது அக்காவே கிண்ணம் கொண்டுவந்து அந்தச் சாற்றைக் கேட்கிறாள். நாற்பது வருஷத்தில் எங்கள் சப்பை மூக்கும் அவர்களுக்குப் பழகிவிட்டது, எங்கள் வாசனையும் பழகிவிட்டது.

"ஏண்டி செலினு, உங்கம்மா உன்னை து, துன்னு துப்புறாங்களே, அந்தக் கதையைச் சொல்லு," என்றாள். அவளுக்குத் தெரிந்த கதைதான். மறுபடி கேட்க ஆசை.

சொன்னேன். சைகோனில் வீட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். ஹாய் என்றால் இரண்டு, பா என்றால் மூன்று, து என்றால் நான்கு. அண்ணன் பெனுவாவை பா என்பார்கள். நான் து. நான் ஏன் நாலு என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். அப்பா விரல் மடக்கிக் காட்டினார். ஒன்று அப்பா, இரண்டு மா, மூன்று அண்ணன், நாலு நீ. கணக்கு சரி.

"அப்ப உன் புருஷன் அஞ்சு."

"அவர் சைபர்க்கா. பக்கத்துல வந்து நின்னதுல எனக்கு மதிப்பு ஏறிச்சு."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வேலைக்காரப் பெண் கதையையும் எடுத்துவிட்டேன். எங்கள் சைகோன் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளையும் ஹாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வேலைக்காரப் பெண்களை மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவது வழக்கம் என்று மா சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு உங்கம்மா நம்பராச்சே?"

"அங்க நம்பர் பஞ்சம்க்கா."

நான் அவளைக் குதிரையாக்கி முதுகில் ஏறி மார்க்கெட் வரைக்கும் சவாரி போவேன். ஒரு நாள் வெயில் தாங்காமல் இறக்கிவிட்டாள். காதைக் கடித்தேன். ரத்தம். அவள் அழவில்லை, என்னை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். இதைச் சொல்லும்போது நான் குதிரை மாதிரி கனைத்துக் காட்டுவேன், அக்காவுக்கு மூச்சு முட்டும்.

"போதும், து," என்றாள் மா. பாதித் தாள் மிச்சம் இருக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஜூன் 10, வெள்ளி

மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரர் கண் டாக்டரிடம் போய்வந்தார். அப்படித்தான் சொன்னார்கள்.

என் விசாரணையில் தெரிந்தது: மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். முகத்தில் பவுடர். கண்ணுக்குச் சொட்டு மருந்து எதுவும் வாங்கவில்லை. கண் டாக்டர் பெண்ணா, ஆணா என்று கேட்டேன். ஒரே நேரத்தில் மா ஆண் என்றாள், அவர் பெண் என்றார்.

"ரெண்டு கண்ணுக்கு ரெண்டு டாக்டரா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பு கூட்டப் போய்விட்டேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், அதுவும் சந்தேகம்தான்.

ஜூன் 12, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். யாரும் எதுவும் செய்யவில்லை. அதுவே சரியில்லை.

ஜூன் 15, புதன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பட்டுப் புடவை, பவுடர், பொய். பாஸ்போர்ட் ஆபீஸ்தான், வேறென்ன. அண்ணன் மாவைப் பிரான்சுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். நேராக அவனுக்கே போன் போட்டேன்.

"மாவைக் கூட்டிட்டுப் போறியாமே. அங்க குளிர்ல வெறச்சுப் போயிடுவா. உன் பொண்டாட்டி குடுக்கிற ரொட்டியை மெல்ல அவளுக்குப் பல்லு கிடையாது."

"சே சே. பிரான்சுக்கா? இல்லவே இல்ல, து."

பொய் இல்லை. சொல்லிவிட்டு அவன் மூச்சு விட்டானே, அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மாட்டிக்கொள்ளாதவன் விடுகிற மூச்சு அது. நான் தப்பான இடத்தில் தோண்டுகிறேன்.

"போன வருஷம் நீ சைகோன் போயிட்டு வந்ததுல இருந்துதான் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க," என்று சும்மா ஒரு கல்லை விட்டெறிந்தேன்.

"லைன் சரியில்ல," என்று வைத்துவிட்டான். நன்றாகத்தான் இருந்தது லைன்.

அவன் அங்கே எடுத்த படங்களை எனக்குக் காட்டினான். ஆறு, பாலம், எங்கள் பழைய தெரு. ஒரு படத்திலும் ஒரு மனுஷமுகம் கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத சைகோனை இவன் எங்கே போய்க் கண்டுபிடித்தான்? எனக்கு ஞாபகமிருக்கிற சைகோன் முழுக்க ஆட்கள்தான். கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் பிளேன் ஏறிய அன்று கேட்டுக்கு வெளியே அவ்வளவு கூட்டம். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவிடாமல் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் மாலையோடு நிற்பார்கள் என்றார். நின்றார்கள், மாலை இல்லை. என் மூக்கு எவ்வளவு சப்பை என்று பார்க்க வந்திருந்தார்கள்.

ஜூன் 19, ஞாயிறு

இன்று ஒரு பெண் வந்தாள். பேர் லியென். வியட்நாம்காரி, தெற்குப் பக்கத்தவள். சென்னையில் ஷூ கம்பெனியில் வேலையாம். இங்கே தங்கிய ஓட்டலில், சைகோன்காரர்கள் வீடு ஒன்று இருக்கிறது, நெம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மதியம். மா கதவைச் சாத்திக்கொண்டு "பாட்டு" கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் சைகோன் பாஷை ஒன்பது வயதில் நின்றுபோனது. அதை வைத்துக்கொண்டும், அவள் பொறுமையை வைத்துக்கொண்டும் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

"உங்களை நான் எப்படிக் கூப்பிடணும்?"

"து."

"அப்ப உங்களுக்கு மேல ரெண்டு பேரா?"

"ஒரே அண்ணன்தான்," என்று சொல்லி, ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அப்பா விரல் மடக்கிய கதையை எடுத்துவிட்டேன். ஒன்று அப்பா, இரண்டு மா, மூன்று அண்ணன், நாலு நான். சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, நாங்க அப்பா அம்மாவை எண்ணுறது இல்ல. பிள்ளைங்களை மட்டும்தான்."

"பிள்ளைங்கன்னா ஒண்ணு, ரெண்டுன்னு வரணுமே?"

"எங்க பக்கம் ஒண்ணே கிடையாது. மூத்த பிள்ளையே ரெண்டுதான். மூத்ததைப் பேய் தூக்கிட்டுப் போகும், அதை ஏமாத்தத்தான்னு சிலர் சொல்வாங்க. நானே ரெண்டு. எங்க வீட்ல நான்தான் மூத்தவ."

நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

"உங்க அண்ணன் மூணுன்னா அவருக்கு மேல ஒருத்தர் இருக்கணும்," என்றாள். என் முகம் எப்படி இருந்ததோ, உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சின்னதுலயே செத்திருக்கலாம். செத்தாலும் நம்பர் போயிடாது, அப்படியே இருக்கும்."

நெம்மைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவள் போன பிறகு ஒரு சட்டி முழுக்கக் கருகிவிட்டது.

யார் அந்த ரெண்டு? எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ரெண்டு என்று கூப்பிடப்பட்டவள் ஒருத்திதான். அவள் வேலைக்காரி. அதனால் அது இல்லை.

ஜூன் 20, திங்கள்

மா கேரட் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மா, ரெண்டு யாரு?"

கத்தி நின்றது. பிறகு ஓடியது.

"உங்கப்பா சொல்லியிருக்காரே."

"அப்பா இந்த ஊர்க்காரர். அவருக்குத் தெரிஞ்ச மாதிரி எண்ணுனாரு. நீ எப்படி எண்ணுவே?"

கத்தியை என் கையில் கொடுத்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ வெட்டு," என்று எழுந்து போனாள். கண் டாக்டர் கதை இப்போதுதான் உதவிக்கு வருகிறது.

ஜூன் 21, செவ்வாய்

வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். வீட்டில் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்விடுவார். வாட்ச்மேன் கேட்டை விட்டு ஓட முடியாது.

"யாருங்க அந்த ரெண்டு?"

டிபன் கேரியரைத் திறந்தார், மூடினார். "அத்தைகிட்ட கேளு."

"கேட்டாச்சு. கேரட்டைக் குடுத்தாங்க."

ஒரு வெள்ளைக்காரன் சைக்கிளில் உள்ளே வந்தான். சல்யூட் அடித்துவிட்டு, கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மாவுக்கு எங்கள் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு புருஷன். மீத்தோ என்கிற ஊர். படகில் போனவன் திரும்பவில்லை. கையில் ஒரு பெண் பிள்ளை. அப்பா மாவைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் சைகோனில் இருந்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் கோயில்காரர்களுக்கும் பிள்ளையைப் பற்றித் தெரியக் கூடாது. அதனால் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

"உங்கப்பா அவளை ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்லையாம். பொண்ணுன்னு கூப்பிட்டதும் இல்லையாம்."

இங்கே வருவதற்குப் பேப்பர் எழுதும்போது மனைவி, ஒரு மகன், ஒரு மகள். வேலைக்காரிக்கு அதில் இடமில்லை. போன வருஷம் அண்ணன் போனபோது மா அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் மீத்தோ மார்க்கெட்டில் கண்டுபிடித்துவிட்டான். அரிசிச் சேமியா விற்கிறாளாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அவளோடுதான்.

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம். நான் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றதா ஏற்பாடு."

"எத்தனை நாளைக்கு?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அங்கயே இருக்கேங்கிறாங்க. கடைசி வரைக்கும்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏங்க தெரியாது?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது செலினு."

ஜூன் 22, புதன்

ஒரு நெம் ஆர்டர் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 24, வெள்ளி

இன்று நான் மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இந்த வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சிரிப்பே."

"இதுக்கு யாராவது சிரிப்பாங்களா?"

"நாப்பது வருஷமா சிரிக்கிறே, து. குதிரை ஓட்டின கதை. காது கடிச்ச கதை. தெரு பூரா தெரியும். நீ சொல்லுவே, எல்லாரும் சிரிப்பாங்க, நான் நெம் சுத்துவேன்."

"வேலைக்காரின்னு நீதானே சொன்னே."

"ஆமா," என்றாள் மா. "நான்தான் சொன்னேன்."

கொஞ்ச நேரம் விரலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே பேசினாள். இவ்வளவு நீளமாக மா தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"ஆள் இல்லாதப்ப என்னை மான்னு கூப்பிடுவா. ஆள் வந்தா முதலாளியம்மான்னு கூப்பிடுவா. சின்னப் பிள்ளை. ஏழு வயசு. ஒரு தடவைகூட மாத்திச் சொல்லல. தூக்கத்துலகூட மாத்திச் சொல்லல. ஒரு தடவை மாத்திச் சொல்லிட மாட்டாளான்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"இப்ப போய் என்னத்தைச் சரி பண்ணப் போறே? உனக்கு பிரஷர் இருக்கு. கஞ்சி குழைவா இல்லாட்டி இறங்காது. அவளுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"நீ நாப்பது வருஷம் என்னை வச்சிருந்தே. ஒரு குறை இல்ல. அவ ஒரு நாள்கூட என்னை வச்சிருக்கல."

அதற்கு நான் ஒன்று சொன்னேன். அதை எழுதப் போவதில்லை. மா சாப்பிடவில்லை.

ஜூன் 28, செவ்வாய்

மா குளிக்கும்போது போன் அடித்தது. நான் எடுத்தேன்.

எடுக்கத்தான் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கேள்விகள் எல்லாம் தயார். இத்தனை வருஷம் கழித்து இவளுக்கு என்ன வேண்டும்? சேமியா விற்கிறவளுக்கு ஒரு கிழவியை எதற்கு? மாவின் வளையலா? பிரான்சிலிருந்து அண்ணன் பணம் அனுப்புவான் என்ற எண்ணமா? ஒன்றும் வேண்டாம் என்கிற ஆட்களை நான் நம்புவதில்லை.

முகம் வந்தது. வெயிலில் கறுத்த கிழவி. பின்னால் ஆணியில் ஒரு ஓலைத் தொப்பி. நெற்றி மட்டும் மாவின் நெற்றி, அளவெடுத்து வைத்த மாதிரி.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. என்னிடம் இருப்பது ஒன்பது வயசுப் பிள்ளையின் பாஷை. மாவோடு பேசும்போது பாதிக்குப் பாதி தமிழைப் போட்டு ஒட்டிக்கொள்வேன். இவளிடம் அது நடக்காது. இவளிடம் பேச எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வகை. தண்ணி கொண்டா. செருப்பு எங்கே. முதுகைச் சொறி. தூக்கு. சீக்கிரம். அவைதான் வரிசையில் வந்து நின்றன. வேறு ஒன்றுமே வரவில்லை. லியெனிடம் பேசினேனே, அந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

கடைசியில், "பேர் சொல்லு," என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.

"ஹான்," என்றாள்.

அவளுக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது.

"து," என்றாள் அவள். "காதுல இன்னும் சீழ் வருதா?"

எனக்குச் சின்ன வயதில் இடது காதில் சீழ் வடியும். மறந்தே போயிருந்தேன். வெதுவெதுப்பான துணியை மடித்து வைத்துக்கொண்டு ஒரு கை என் தலைக்குக் கீழே கிடக்கும். அது மாவின் கை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வருவதில்லை என்று தலையாட்டினேன். போனை வைத்துவிட்டேன்.

என் காது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கடித்த அவள் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 1, வெள்ளி

பாஸ்போர்ட்டுக்காக வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரிப்பார்களாம். வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்களாம். அதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் டியூட்டியை மாத்திக்கிட்டு வீட்ல இருக்கேன்."

"ஏன், நான் கடிச்சிடுவேனா?"

"உன்னைத் தெரியாதா எனக்கு."

ஆக, இப்போது காவல் எனக்கு. மாவும் நான் அடுப்படியிலிருந்து வந்தால் பேச்சை நிறுத்துகிறாள். நம்பவில்லை. எனக்கே என்னை நம்ப முடியவில்லை. அரிசித் தாளை நனைக்கும்போது ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்தது. "சார், அவங்களுக்கு ஞாபகம் சரியில்ல." முழுப் பொய்யும் இல்லை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறாள். இந்த ஒரு வாக்கியம் போதும். மா இங்கேயே இருப்பாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 5, செவ்வாய்

போலீஸ்காரர் நாளைக்கு வருவதாக இருந்தது. இன்றே வந்துவிட்டார். வீட்டுக்காரர் டியூட்டியில்.

தொந்தி வைத்த மனிதர், நல்ல வியர்வை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பேப்பரை விரித்ததும் புருவம் ஏறியது.

"பிறந்த ஊர் வியட்நாமா? எப்ப வந்தாங்க?"

"எழுபத்தாறுல சார். எங்கப்பா இந்த ஊரு. அங்க கடைவீதியில வரி வசூல் வேலை."

"சாட்சிக்கு ஆளுங்களைக் கூப்பிடும்மா."

கஸ்தூரி அக்கா கூப்பிடாமலே வாசலில்தான் நின்றிருந்தாள். தெருமுனை இஸ்திரிக்காரர் வரதன் பாதி தேய்த்த சட்டையோடு வந்தார். நாங்கள் யார், எப்படிப்பட்டவர்கள், கேஸ் கீஸ் உண்டா என்றெல்லாம் போலீஸ்காரர் அவர்களிடம் கேட்டார். கேஸ் இல்லை, நெம் உண்டு என்றார் வரதன்.

பிறகு போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். குரலைக் குறைத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்.

"எண்பத்திரண்டு வயசு. ஞாபகமெல்லாம் சரியா இருக்காம்மா? இந்த வயசுல எதுக்கு வெளிநாடு? நீங்க வேணாம்னா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

என் வாக்கியத்தை அவரே கையில் எடுத்துக் கொடுக்கிறார். நான் தலையை ஆட்டினால் போதும்.

அறை வாசலில் மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அதே பட்டுப் புடவையை அவசரமாகச் சுற்றியிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, உள்ளே வரலாமா, கூடாதா என்று தெரியாதவள் மாதிரி நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என் அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. முதலாளியம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்ப்பது மாதிரி.

அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

"ஞாபகம் நல்லா இருக்கு சார். எங்க எல்லாரையும்விட நல்லா இருக்கு."

"அங்க யார்கிட்ட போறாங்க?"

"மூத்த பொண்ணுகிட்ட."

"பேரு?"

"ஹான்."

"ஏதுடி மூத்த பொண்ணு?" கஸ்தூரி அக்கா உள்ளேயே வந்துவிட்டாள். "உங்கம்மாவுக்கு நீயும் பெனுவாவும்தானே? ரெண்டு பேருதானே?"

"மூணுக்கா."

"நாப்பது வருஷமா எதிர்ல இருக்கேன். எனக்குத் தெரியாம யாருடி அது?"

"உனக்குத் தெரிஞ்சவதான்க்கா. நான் குதிரை ஓட்டினேனே, அந்தப் பொண்ணு. அவ எங்கக்கா."

வரதன் சட்டையை மடித்துக்கொண்டார். கஸ்தூரி அக்காவின் வாய் சிரிக்கப் போவது மாதிரி திறந்தது, பழக்கம். பிறகு மாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

போலீஸ்காரருக்கு இது பிடிக்கவில்லை. "என்னம்மா இது, இவங்க ரெண்டுங்கிறாங்க, நீங்க மூணுங்கிறீங்க. எதை எழுதுறது?"

"மூணுன்னு எழுதுங்க சார். பெத்தவங்க நிக்கிறாங்க, கேட்டுக்குங்க."

அவர் மாவைப் பார்த்தார். மா மூன்று விரலைக் காட்டினாள்.

எழுதிக்கொண்டார். வரதன் கையெழுத்துப் போட்டார். கஸ்தூரி அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தாள்.

"போடலாமா செலினு? பின்னாடி ஒண்ணும் வந்துடாதே?"

"போடுக்கா."

போட்டாள். எல்லாம் சரியாக இருந்தால் சீக்கிரமே பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் கிளம்பினார். மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கஸ்தூரி அக்கா மட்டும் போகவில்லை. வாசல்படியில் நின்று செருப்பைத் தேடுவது போல் தேடிக்கொண்டிருந்தாள்.

"எப்ப திரும்பி வருவாங்க, உங்கம்மா?"

அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டார். அதை மட்டும் கேட்கவில்லை.

"முதல்ல அவங்க போகட்டும்க்கா. எனக்கும் கொஞ்ச நாள் மாமியார் இல்லாத வீடு மாதிரி ஜாலியா இருக்கும்," என்றேன். சிரிக்கவும் செய்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதமாக நான் இந்த வீட்டில் எல்லாரையும் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அப்படி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.